ஒரே உடல், இரண்டு தொண்டைகள்: 'காதலிக்க நேரமில்லை' (1964)

1930களின் தமிழ்ப் பேசும்படத்தில் நாயகனுக்குரிய முதல் தகுதி முகமன்று, சாரீரம். நாடக மேடையில் பாடிப் பழகியோரே திரைக்கும் வந்தனர், எம்.கே.தியாகராஜ பாகவதரும் பி.யு.சின்னப்பாவும் அவ்வேற்பாட்டின் உச்சங்கள். கச்சேரிக்குரிய தொண்டையும் கேலிக்கு இணங்கும் உடலும் ஒருவரிடமே வாய்ப்பது அரிது. ஆகவே பாட்டு மலிந்த நகைச்சுவைக் காதற்படத்துக்கு நடிகர் கிடைப்பதே சிக்கல்.

'நந்தகுமார்' (1938) படத்தில் ஏ.வி.மெய்யப்பன் இரவல் குரலைப் பயன்படுத்தினார். 'ஸ்ரீவள்ளி'யில் (1945) குமாரி ருக்மணிக்காகப் பி.ஏ.பெரியநாயகி பாடினார். அப்போது அது ஒரு குறையை மறைக்கும் உத்தி மட்டுமே.

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் அவ்வுத்தியே படத்தின் அடித்தளமாகிறது. முத்துராமன், ரவிச்சந்திரன், காஞ்சனா, ராஜஸ்ரீ ஆகியோருள் எவரும் பாடகராக அறியப்பட்டவரல்லர். ரவிச்சந்திரனுக்கு இதுவே முதற்படம். காஞ்சனாவோ விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர். விசுவநாதன்–ராமமூர்த்தி இசையில் முத்துராமனின் பாத்திரம் தனித்துக் கவனிக்கத்தக்கது. இளம் காதலனாக வரும்போது அவருக்கு ஜேசுதாஸின் குரல். முதியவராக வேடமிட்டு வரும்போது சீர்காழி கோவிந்தராசனின் கணீர்க்குரல். ஒட்டுத்தாடியைப் போலவே குரலும் இங்கு ஒப்பனை. சொந்தக் குரலில் பாடும் நாயகனைக் கொண்டு இந்நகைச்சுவையை அமைத்திருக்க இயலாது.

கேட்போரும் இப்பிளவுக்குப் பழகியிருந்தனர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் அருகருகே புழங்கும் கோலார் தங்கவயல் போன்ற ஊர்களில் இது தெளிவாகப் புலப்படும். வானொலியில் பாட்டுக்கு உரியவர் பாடகர், திரையில் நடிகர். மொழி மாறினால் குரல் மாறும், முகம் மாறவேண்டுவதில்லை. தெலுங்கு 'பிரேமிஞ்சி சூடு' (1965), இந்தி 'பியார் கியே ஜா' (1966) ஆகிய மறுஆக்கங்களிலும் ராஜஸ்ரீ நடித்தார். முதியவர் வேடமிடும் பாத்திரத்தை இந்தியில் ஏற்றவரோ கிஷோர்குமார்! பாடாத நடிகர்களை நம்பி உருவான கதையில், நாடறிந்த பாடகரே வந்து நின்றார்.

இத்தனைக்கும், இப்பாட்டுப்படத்தில் இன்றளவும் மிகுதியாக நினைவுகூரப்படும் காட்சியில் பாட்டே இல்லை. நாகேஷ் தாம் எடுக்கப்போகும் படத்தின் திகில் கதையைச் சொல்கிறார், டி.எஸ்.பாலையா கேட்கிறார். ஒருவரின் பேச்சு, மற்றவரின் முகம். அங்கே எவருக்கும் இரவல் குரல் தேவைப்படவில்லை.