பூனை வலியை மறைக்கும்: வீட்டில் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

நாய்க்கு உடம்பு முடியாவிட்டால் முனகிக்கொண்டு நம்மிடமே வரும். பூனையோ வலியை மறைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஒதுங்கிவிடும். அது கத்தட்டும் என்று காத்திருக்காமல், அன்றாடப் பழக்கத்தில் மாற்றம் தெரிகிறதா என்று பார்ப்பதே நல்லது.

உணவு: ஒரு நாள் முழுவதும் சாப்பிடாவிட்டால் அலட்சியம் வேண்டாம். பருத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பது சிறுநீரகக் கோளாறாகவோ நீரிழிவாகவோ இருக்கலாம்.

சிறுநீர்: ஆண் பூனை அடிக்கடி மணலில் உட்கார்ந்து முக்கினால், மலச்சிக்கல் என்று நினைத்துவிடுகிறோம். சிறுநீர் ஒரு சொட்டும் வரவில்லையென்றால் அது குழாய் அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாள்களில் உயிர் போய்விடும். விடியட்டும் என்று பார்க்காமல் உடனே கொண்டு செல்லுங்கள்.

மூச்சு: தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். தொடர்ந்து 30-க்கு மேல் போனால் மருத்துவரிடம் காட்டுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ ஈறு வெளுத்தோ நீலமாகவோ இருந்தாலோ அது அவசர நிலை.

புண்: மூக்கிலும் காதிலும் பாதத்திலும் ஆறாத புண் இருந்தால், மலேசியப் பூனைகளிடம் காணப்படும் ‘ஸ்போரோட்ரிகோசிஸ்’ எனும் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். கீறினாலோ கடித்தாலோ நமக்கும் தொற்றும். கையுறை அணிந்து தூக்குங்கள். பிள்ளைகளைத் தள்ளியே வையுங்கள்.

பனடோல் கொடுக்காதீர்கள்

“உடம்பு சுடுகிறதே” என்று பாதி பனடோலைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுப்பது பெரும் ஆபத்து. பூனையின் இயல்பான வெப்பநிலையே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை. நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் தெரியும். பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அந்த மருந்து இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுப்பதால், உடம்புக்குப் பிராணவாயு போய்ச் சேராது. ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடலாம். தெரியாமல் கொடுத்திருந்தால், அறிகுறி தெரியும்வரை காத்திருக்காமல் மருந்து அட்டையுடன் மருத்துவரிடம் விரையுங்கள்.

தோட்டப்புறங்களில் கிளினிக் தொலைவில் இருக்கும். ஆகவே, அருகிலுள்ள தனியார் அல்லது அரசாங்கக் கால்நடை மருத்துவ நிலையத்தின் தொலைபேசி எண்ணையும் திறந்திருக்கும் நேரத்தையும் இன்றே எழுதி வையுங்கள். மூடியுள்ள கூடை ஒன்றும் தயாராக இருக்கட்டும். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது சிறுநீர் கழித்தது என்ற விவரங்களுடன், பூனை மூச்சு விடுவதையோ முக்குவதையோ கைப்பேசியில் காணொளியாக எடுத்துச் சென்றால், மருத்துவருக்கு அது பெரிதும் உதவும்.