அரிக்கமேட்டுத் தட்டு எந்த மண்ணில் பிறந்தது?

ரோமாபுரி வாணிகம் என்றால் காணை, விழுப்புரம் வட்டார மாணவர்களுக்குச் சரித்திரப் பாடத்தில் வரும் தூரத்துச் செய்தி. ஆனால் அதன் தடயங்கள் கிடைத்த இடம் கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் தொலைவுக்குள்தான் இருக்கிறது. செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி, கடலை நெருங்கும்போது பிரியும் கிளைதான் அரியாங்குப்பம் ஆறு. அதன் கரையிலுள்ள மேடே அரிக்கமேடு.

1944இல் தொல்பொருள் ஆய்வுத் துறைத் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் இவ்வூரிலிருந்து வந்த உடைந்த ஜாடித் துண்டொன்றைக் கண்டார். மத்தியதரைக் கடல் நாடுகளில் மது நிரப்பிய ஜாடி அது என்பது அவருக்கு உடனே புரிந்தது. 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ வகையைச் சேர்ந்த, குயவர் முத்திரை பதித்த செந்நிறக் கலத் துண்டுகள் கிடைத்தன. அவை ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் கி.பி. 50க்கும் இடையே செய்யப்பட்டவை. ஆகவே அதே மண்ணடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் குறிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கே இது ஒரு கடிகாரமாயிற்று.

அங்கே வேறொரு தட்டும் மிகுதியாகக் கிடைத்தது. சாம்பல் அல்லது கறுப்பு நிறம்; வழவழப்பான மேற்பூச்சு; உட்புறத்தில் பற்சக்கரம் உருட்டியது போன்ற நுண்ணிய புள்ளி வளையங்கள். இதில் உயர்ந்த ரகம் மேற்கிலிருந்து வந்தது என்று வீலர் கருதினார். அழகிய வேலைப்பாடு என்றால் அயல்நாட்டுச் சரக்கு என்று எண்ணுவது அக்காலத்து வழக்கம் போலும்!

மண்ணின் பிறப்பிடத்தைக் கண்ணால் காண இயலாது. இங்கேதான் பௌதிகம் துணைக்கு வருகிறது. ஓட்டைப் பொடியாக்கி அதன் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால், படிகங்களிலுள்ள அணுத் தளங்களின் இடைவெளிக்கேற்பக் குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் கதிர்கள் வலுவாகத் திரும்புகின்றன. கல்லூரியில் நாம் படிக்கும் பிராக் விதிதான் இது. குவார்ட்சுக்கு ஒரு கோண வரிசை, ஃபெல்ஸ்பாருக்கு வேறொன்று. இந்தக் கனிமங்களின் கலவை வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதால், ஓட்டின் கோலத்தையும் பல இடத்துக் களிமண்ணின் கோலத்தையும் ஒப்பிடலாம். புனே டெக்கான் கல்லூரியைச் சேர்ந்த விஸ்வாஸ் கோக்டே இவ்வாறு ஒப்பிட்டு, இத்தட்டுகளின் மண் வங்காளத்துச் சந்திரகேதுகர்–தம்லுக் பகுதியைச் சேர்ந்தது என்று 1997இல் வெளியிட்டார். ரோமாபுரித் தட்டு வங்கத் தட்டாயிற்று!

இதனால் வாணிகத்தின் படமே மாறுகிறது. இதே வகைத் தட்டு இந்தோனேசியாவில் பாலித் தீவின் செம்பிரானிலும் கிடைத்திருக்கிறது. ஆக, ரோமானியக் கப்பலுக்காகக் காத்திருந்த துறையாக மட்டும் அரிக்கமேடு இருக்கவில்லை. வங்காள விரிகுடாவைச் சுற்றி நடந்த போக்குவரத்திலும் அதற்குப் பங்குண்டு. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் நடத்திய அகழாய்வும், மேற்கத்திய ஜாடிகள் உச்சத்தில் வந்த காலத்துக்கு முன்பே இங்கு ஊர் இருந்ததைக் காட்டிற்று.

மேற்குத் திசையிலும் பயணம் ஒருவழியாக நடக்கவில்லை. எகிப்தின் செங்கடற்கரையிலுள்ள குசைர் அல்-காதிமில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் கீறப்பட்டுள்ளன.