தாளம் தந்த நடை



கி.பி. 1817ஆம் ஆண்டில், இலண்டனை அடுத்த ஹாக்ஸ்டன் என்னும் ஊரில் மருத்துவராக விளங்கிய ஜேம்ஸ் பார்க்கின்சன் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் அவர் விவரித்த நோயாளர் அறுவர். அவர்களுள் சிலரை அவர் கண்டது மருத்துவச் சாலையில் அன்று, தெருவில். கை நடுங்குகிறது, உடல் முன்னே வளைகிறது, நடக்கத் தொடங்கியவர் தம்மை அறியாமலே ஓடத் தலைப்படுகிறார். நடையைக் கண்டே நோயை இனங்கண்ட அந்த நுண்ணோக்கை என்னென்பது! பிற்காலத்தில் பிரெஞ்சு மருத்துவ அறிஞர் ஷார்க்கோ இந்நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே சூட்டினார். நாம் நடுக்குவாதம் என்று கூறுவது இதனையே.

நம் நடுமூளையில் கருநிறமுடைய சிறு பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கின்றன. நாம் எண்ணாமலே நிகழும் நடையும் கைவீச்சும் செவ்வனே நடைபெற அப்பொருள் இன்றியமையாதது. அவ்வணுக்கள் சிறிது சிறிதாக அழியும்போது உடல் விறைக்கிறது, அசைவு மந்தமாகிறது. 1960களில் வந்த லெவோடோபா என்னும் மருந்து பலரை எழுந்து நடக்கச் செய்தது. எனினும் அது நோயை வேரோடு களைவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, வாயிற்படியை நெருங்கியதும் கால்கள் தரையோடு ஒட்டினாற்போல் நின்றுவிடும் துன்பம் பலர்க்கு நேர்கிறது.

இங்கேதான் வியப்பு ஒன்று உள்ளது. அங்ஙனம் நின்றுவிட்டவர் முன்னே தரையில் குறுக்குக் கோடுகளை வரைந்தால், அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டி நடப்பதுண்டு. சீரான தாளம் கேட்டால் அதற்கு இயைய அடிவைப்பதுண்டு. உள்ளிருந்து எழவேண்டிய ஏவல் தளர்ந்தபோது, கண்ணும் செவியும் வேறொரு வழியாக அதனைக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

அடியை எண்ணி, கண்ணால் நோக்கி, தாளத்தின்வழி உடலைச் செலுத்துவது நடனக் கலைஞரின் அன்றாடப் பயிற்சி அன்றோ? 2001ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இவ்விரண்டும் ஒன்றுகூடின. அங்குப் பார்க்கின்சன் நோயாளர்க்கென ஒரு குழுவை நடத்திவந்த ஆலி வெஸ்ட்ஹைமர் என்னும் அம்மையார், மார்க் மாரிஸ் நடனக் குழுவினரை அணுகினார். அவர் மருத்துவப் பயிற்சி வேண்டவில்லை. உண்மையான நடன வகுப்பே வேண்டினார். அக்குழுவின் கலைஞர்களான டேவிட் லெவன்தாலும் ஜான் ஹெகின்பாதமும் ஆசிரியராயினர். முதலில் நாற்காலியில் அமர்ந்தபடியே கைகளும் தோள்களும் இசைக்கு இயங்கும். பின்னர்க் கம்பியைப் பற்றி நின்று பயில்வர். இறுதியில் இயன்றவர் கூடத்தின் குறுக்கே ஆடிச் செல்வர். இம்முறை பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவிற்று.

ஆராய்ச்சியாளரும் இதனை நோக்கலாயினர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹாக்னி, எர்ஹார்ட் என்னும் இருவர், டாங்கோ நடனம் பயின்ற நோயாளரின் உடற்சமநிலை மேம்பட்டதை 2009இல் வெளியிட்டனர். நிற்றல், மீண்டும் தொடங்குதல், திரும்புதல், பின்னோக்கி அடிவைத்தல் ஆகியவை அந்நடனத்தில் அடுத்தடுத்து வரும். இந்நோயாளர்க்கு அரியனவும் இவையே.

ஆயினும் நடனம் நோயைத் தீர்த்துவிடும் என்று எவரும் கொள்ளற்க. மருந்தும் மருத்துவர் அறிவுரையும் என்றும் வேண்டும்.

நெடுங்காலம் ஆசிரியப் பணியில் இருந்த என் நெஞ்சில் இவ்வரலாற்றில் ஒரு செய்தி ஆழப் பதிந்தது. நாள்தோறும் நோயாளர் என்றே அழைக்கப்பட்டவர்கள், அக்கூடத்தினுள் நுழைந்ததும் மாணவர் ஆனார்கள். மாணவரைக் காணும் ஆசிரியர், அவர் அடுத்து எதைக் கற்க இயலும் என்றே நோக்குவார்.

நீங்களும் வழியில் இத்தகைய முதியவர் ஒருவர் கால் எழாமல் நிற்கக் காண நேரலாம். அவரை இழுக்காதீர்கள், விரைவுபடுத்தாதீர்கள். அருகில் நின்று, அவர் இசைந்தால், ஒன்று, இரண்டு என்று சீராக எண்ணுங்கள். அவ்வெண்ணிக்கையே அவருக்குத் தாளமாகி, அடுத்த அடியை எடுத்துவைக்கத் துணைபுரியக் கூடும்.