49 ஓட்டு வித்தியாசம், 203 தபால் ஓட்டு

பாடியில எங்க தெருவுல ஒரு டீச்சரக்கா இருக்காங்க. தேர்தல் அன்னைக்கு ஊரே ஓட்டுப் போடும். அவங்க வேற ஏதோ பூத்ல டியூட்டி பார்ப்பாங்க. அதனால அவங்க ஓட்டு தபால் ஓட்டு.

அதுல ரெண்டு கவர். உள்கவர்ல வாக்குச்சீட்டு. வெளிக்கவர்ல அந்த உள்கவரும், 13ஏ என்கிற உறுதிமொழிப் படிவமும். எண்ணும்போது முதல்ல படிவத்தைத்தான் பார்ப்பாங்க. வாக்காளர் கையெழுத்தோ, அதிகாரியின் சான்றொப்பமோ சரியில்லைன்னா, உள்கவரைப் பிரிக்கவே மாட்டாங்க.

இதனால ஒரு தொகுதியின் முடிவே வழக்காச்சு. 2016, நெல்லை மாவட்டம் ராதாபுரம். அதிமுகவின் இன்பதுரை, திமுகவின் அப்பாவுவை 49 ஓட்டில் ஜெயிச்சதா அறிவிச்சாங்க. ஆனா 203 தபால் ஓட்டு செல்லாதுன்னு தள்ளியிருந்தாங்க. சான்றொப்பம் போட்டவர் தலைமை ஆசிரியர், அவருக்கு அந்த அதிகாரம் இல்லைங்கறதுதான் காரணம்.

அப்பாவு வழக்குப் போட்டார். தலைமை ஆசிரியர் சான்றொப்பம் செல்லும், எண்ணுங்கன்னு 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அக்டோபர் 4ஆம் தேதி நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினாங்க. ஆனா முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021ல அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிஞ்சுபோச்சு. அதுவரைக்கும் முடிவு மட்டும் வெளிவரலை.

இதை டீச்சரக்காகிட்ட சொன்னேன். “நான் மூணு தடவை சரிபார்த்துட்டுத்தான் கவரை ஒட்டுவேன்பா”ன்னாங்க.

அந்த 203 பேரும் எல்லாம் சரியா இருக்குன்னு நம்பித்தானே ஒட்டியிருப்பாங்க?