வாடகை இயந்திரமும் வாரண்டி அட்டையும்

கணினி பழுதானால் அதைச் செய்த நிறுவனமே சரிபார்த்துத் தரவேண்டும் என்ற வழக்கம் வாடகையிலிருந்து பிறந்தது. ஐபிஎம் நிறுவனம் தன் துளை அட்டை இயந்திரங்களையும் தொடக்ககாலக் கணினிகளையும் விற்கவில்லை, மாத வாடகைக்கு விட்டது. இயந்திரம் நிறுவனத்தின் சொத்து என்பதால் பழுதும் அதன் பொறுப்பாகவே இருந்தது. கருவிப்பெட்டியோடு பொறியாளர் வாடிக்கையாளரின் அலுவலகத்துக்கே வந்துவிடுவார். அந்தச் செலவு வாடகைக்குள் அடக்கம். அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கு 1956இல் இணக்கத் தீர்ப்போடு முடிந்தபோது இந்த ஏற்பாடு மாறியது. இயந்திரங்களை விற்கவும் வேண்டும், உதிரி பாகங்களைப் பிற பழுதுபார்ப்போருக்கும் தரவேண்டும் என்று ஐபிஎம் கட்டுப்பட்டது. சொத்து கைமாறியதும், விற்றபின் பழுது யார் தலையில் விழும் என்ற கேள்வி எழுந்தது. வாரண்டி அட்டை அதற்கான விடை. பழுதுக்கு நாள் கணக்கு வந்ததும் அதனால்தான்.

செய்தவர் இல்லாமலே இயந்திரத்தைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இந்தியாவே சான்று. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வெளிநாட்டு நிறுவனங்களின் பங்குக்கு வரம்பு விதித்தது. அதற்கு உடன்படாத ஐபிஎம் 1978இல் நாட்டைவிட்டு வெளியேறியது. அது விட்டுச்சென்ற சுமார் 800 இடங்களின் கணினிகளை ஓடவைக்கும் வேலை, 1975இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான சிஎம்சியிடம் வந்தது. ‘கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன்’ என்ற அதன் முழுப் பெயரே பராமரிப்பைத்தான் குறித்தது. தயாரிப்பவருக்கு மட்டுமே தெரிந்த வித்தை என்று கருதப்பட்டதை இந்தியப் பொறியாளர்கள் கற்றுத் தேர்ந்தார்கள். கணினி வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

1981இல் வந்த ஐபிஎம் பிசிக்கு வாரண்டி 90 நாள். அதன் பெட்டியைத் திருகு கழற்றித் திறக்கலாம், பழுதான அட்டையை உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். பாகங்கள் பொதுவானவை என்பதால் விற்ற கடைக்காரரே சரிசெய்துவிடுவார்.

லேப்டாப் வந்ததும் நிலைமை தலைகீழானது. தோஷிபாவின் டி1100 போன்ற மாதிரிகள் 1985 முதல் பரவின. மடியில் அடங்கும் உடலுக்குள் திணிக்க, மதர்போர்டை ஒவ்வொரு மாதிரிக்கும் தனி வடிவில் வெட்டவேண்டியிருந்தது. திரை, விசைப்பலகை, கீல் எல்லாம் அந்தந்த மாதிரிக்கே பொருந்தின. பாகம் கிடைக்காத உள்ளூர்க் கடை கைவிரித்தது. பொறியாளர் இயந்திரத்தைத் தேடி வந்த காலம் போய், இயந்திரம் பொறியாளரைத் தேடிப் போகத் தொடங்கியது. அதற்குக் கூரியர் நிறுவனங்கள் இன்றியமையாதவை ஆயின. 2004இல் தோஷிபா தன் அமெரிக்க லேப்டாப்களைப் பழுதுபார்க்கும் வேலையைக் கூரியர் நிறுவனமான யுபிஎஸ்ஸிடமே ஒப்படைத்தது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில்லில் அந்த நிறுவனத்தின் ஊழியர்களே மதர்போர்டை மாற்றித் திருப்பி அனுப்பினார்கள். போக்குவரத்தில் வீணான நாட்கள் குறைந்தன. ஆனால் பெட்டியில் வைத்து அனுப்பிய இயந்திரத்தில் இருந்த கோப்புகளுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. வன்தட்டு மாற்றப்பட்டால் உள்ளிருந்ததும் அதோடு போய்விடும். வாரண்டி நிபந்தனைகளில் வாடிக்கையாளரை மிகவும் நோகடிப்பது இதுதான்.

சட்டமும் கூடவே வளர்ந்தது. அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் சட்டம், எழுதிக்கொடுக்கும் வாரண்டி ‘முழுமையானதா’ ‘வரம்புக்குட்பட்டதா’ என்று வெளிப்படையாகச் சொல்ல வைத்தது. இந்தியாவில் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பொருளின் தரம் பற்றிப் பேசினாலும், அதைக் கொண்டு நீதி பெற உரிமையியல் நீதிமன்றம் ஏறவேண்டியிருந்தது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் வழக்கறிஞர் இல்லாமலே புகார் கொடுக்க வழிசெய்தது. குறையை நீக்கு, பொருளை மாற்று, அல்லது பணத்தைத் திருப்பு என்று மாவட்ட மன்றம் உத்தரவிட அது இடமளித்தது.

வாரண்டிக் கெடு முடிந்தபின் தலைகாட்டும் குறையை என்ன செய்வது? 2008ஆம் ஆண்டு இதைப் பெரும் அளவில் கேட்டது. என்விடியாவின் சில கிராபிக்ஸ் சிப்புகளில் சிப்பையும் அடித்தளத்தையும் இணைக்கும் பொருட்கள் பலவீனமாக இருந்தன. லேப்டாப்பை இயக்கும்போது சூடேறி, நிறுத்தும்போது குளிர்ந்து, ஒவ்வொரு முறையும் நுண்ணிய பற்றாசுப் புள்ளிகள் சிறிது சிறிதாக விரிசல் கண்டன. முதலாண்டில் நன்றாக ஓடிய இயந்திரத்தில் பிறகு திரை கோடுகோடாகி இருண்டுபோகும். வாரண்டி அட்டையின் தேதி கடந்திருக்கும். தெருக்கடைகளில் சிப்பைச் சூடேற்றி உயிர்ப்பித்தார்கள், அது சில வாரமோ சில மாதமோதான் தாங்கியது. அவ்வாண்டு ஜூலையில் என்விடியா 15 முதல் 20 கோடி டாலர் வரை செலவுக்கென ஒதுக்குவதாக அறிவித்தது. ஹெச்பி, டெல் ஆகியவை குறிப்பிட்ட மாதிரிகளுக்கு வாரண்டியை நீட்டின. ஆப்பிள், வாங்கிய 2 ஆண்டுக்குள் இலவசமாகச் சரிசெய்வதாகச் சொல்லி, பின்னர் அதை 4 ஆண்டாக உயர்த்தியது. வாங்கியவர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கு 2010இல் சமரசமானது. இயந்திரத்தில் பிறவியிலேயே இருந்த குறைக்கு நாட்காட்டியைக் காட்டித் தப்ப முடியாது என்பதை இந்த நீட்டிப்புகள் நிலைநாட்டின.

உதிரி பாகமும் பழுதுபார்க்கும் கையேடும் பொதுவில் கிடைக்கவேண்டும் என்ற கோரிக்கை அதன்பின் வலுத்தது. 1956இன் தீர்ப்பு ஐபிஎம்மிடம் கேட்டதும் ஏறக்குறைய இதுவே. இந்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய ஆணைப்படி, சட்ட உத்தரவாதக் காலத்தில் மாற்றுப் பொருள் கேட்காமல் பழுதுபார்ப்பதைத் தேர்பவருக்கு அந்த உத்தரவாதம் மேலும் ஓராண்டு நீளும்.