மலைச் சரிவில் எழுந்த வழக்கு

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறும் வீதி, காற்று ஓயாது வீசும் றிவஸ்டன் உச்சியைக் கடந்து, இலுக்கும்புறை ஊடாகப் பல்லேகமவை நோக்கி இறங்குகின்றது. மடித்த கைவிரல் மொழிகளைப் போலத் தோன்றுவதால் ஆங்கிலேயர் ‘நக்கிள்ஸ்’ எனப் பெயரிட்ட தும்பறை மலைத்தொடரின் வட பகுதி இது. இவ்வீதியில் துவிச்சக்கர வண்டியோடு செல்பவனுக்கு ஏற்றத்தில் மூச்சும் இறக்கத்தில் பிறேக்கும் சோதிக்கப்படும். மலையேறி இறங்கிய இருவருள் ஒருவன் முந்தினால், முந்தியது அவன் காலா, அவன் வண்டியா என்று மற்றவன் கேட்பது இயல்பே. அந்தக் கேள்வி மேனாட்டில் நூறாண்டுக்கு மேலாக வழக்காடப்பட்டு வந்திருக்கின்றது. அவ்வழக்கின் ஒரு முனை மாத்தளை மண்ணையும் தொடுகின்றது என்பது பலர் நினையாத செய்தி.

சைக்கிளின் சில்லு ஒரு காலத்தில் கெட்டி இறப்பரால் ஆனது. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப், காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு மே மாதம் அந்நகரில் நடந்த பந்தயத்துக்கு வில்லியம் ஹியூம் என்பவர் அத்தகைய ரயர் பூட்டிய வண்டியுடன் வந்தார். பருத்த அந்தச் சில்லுகளைக் கண்டு கூட்டம் நகைத்தது. பந்தயம் முடிந்தபோது நகைப்பு அடங்கிவிட்டது; வென்றவர் ஹியூம். ஏனையோர் பெற்றிராத கருவியால் பெற்ற வெற்றி அது. ஆயினும் அதனை வஞ்சகம் என்று எவரும் தள்ளிவிடவில்லை. அவ்வண்டி எல்லோர் கண்முன்னும் நின்றது. விரும்பியவன் மறுநாளே அத்தகைய ரயரை வாங்கிப் பூட்டலாம். சில ஆண்டுகளுக்குள் அவ்வாறே எல்லோரும் பூட்டினர்.

அந்த ரயருக்கு வேண்டிய இறப்பர் எங்கிருந்து வந்தது? 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசில் நாட்டிலிருந்து கொணர்ந்த வித்துகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க, அம்முளைகளில் ஏறத்தாழ 1,900 அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. சைக்கிளும் பின்னர் மோட்டார் வண்டியும் இறப்பரின் விலையை உயர்த்தவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மரம் இலங்கையின் ஈரச் சரிவுகளிற் பரவியது. மாத்தளைப் பகுதியும் அதற்கு விலக்கன்று. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்து, மாத்தளையை இளைப்பாறும் தலமாகக் கொண்ட தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்களும் விடியலில் எழுந்து பால் வெட்டினர். ஐரோப்பியப் பந்தய வீரர்கள் எந்தத் தோட்டத்து இறப்பரின்மீது ஓடினர் என்பதைப் பந்தய வரலாற்று நூல்கள் எழுதுவதில்லை.

உயர்மலை பந்தயத்துக்குள் நுழைந்தது 1910இல். பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் ‘டூர் டி பிரான்ஸ்’ போட்டி அவ்வாண்டு முதன்முறையாகப் பிரனீஸ் மலையின் உயர்ந்த கணவாய்களில் ஏறியது. அப்போட்டியைத் தோற்றுவித்த ஹென்றி டெகிராஞ்ச் கடுமையான கொள்கையுடையவர். வீரன் எவருடைய உதவியும் பெறலாகாது. வண்டி உடைந்தால் அவனே செப்பனிட வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

அச்சட்டம் 1913 யூலை 9ஆம் நாள் கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. வெற்றி வாய்ப்பு மிகுந்தவராகக் கருதப்பட்ட யூஜீன் கிறிஸ்தோப் என்ற வீரர் டூர்மாலே கணவாயைக் கடந்து இறங்குகையில், முன்சில்லைத் தாங்கும் கவைக்கம்பி முறிந்தது. வேறு வண்டி எடுக்கச் சட்டம் இடந்தரவில்லை. அவர் வண்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பல கிலோமீற்றர் நடந்தார். பின்னால் வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக அவரைக் கடந்து மறைந்தனர். சென்ற் மரி டி கம்பான் என்ற சிற்றூரை அடைந்து, அங்கிருந்த கொல்லுலையை விசாரித்துச் சென்றார். கொல்லன் வேலை செய்ய முன்வந்தாலும் செய்விக்க இயலாது. போட்டி அதிகாரிகள் உலை வாயிலிலேயே நின்று கண்காணித்தனர். கிறிஸ்தோப் உலோக வேலை அறிந்தவர். ஆகவே தாமே இரும்பைக் காய்ச்சி, அடித்து, கவையைப் பொருத்தினார். ஏறத்தாழ மூன்று மணி நேரம் சென்றது. ஒரு கையால் இரும்பைப் பிடித்து மறு கையால் சம்மட்டியை ஓங்குபவனுக்குத் துருத்தி ஊத மூன்றாவது கை ஏது? அங்கிருந்த சிறுவன் ஒருவன் துருத்தியை இயக்கினான்.

அதிகாரிகள் அதையும் குறித்துக்கொண்டனர். பிறர் உதவி பெற்ற குற்றத்துக்காகப் பத்து நிமிடத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது. ஏறக்குறைய நான்கு மணி நேரம் பின்தங்கி வந்தவருக்கு மூன்று நிமிடம் ஒரு பொருட்டன்று. எனினும் அவர் போட்டியை விட்டு விலகாமல் பாரிஸ் நகர்வரை ஓடி ஏழாம் இடம் பெற்றார். 1919இல் தலைமை வீரருக்குரிய மஞ்சட் சட்டையை முதன்முதலாக அணிந்தவரும் அவரே. அவ்வாண்டும் முடிவு நெருங்கிய வேளையில் கவை முறிந்து வெற்றியைப் பறித்தது.

இச்சட்டத்தை மடமை என்று ஒதுக்குவது எளிது. ஆயினும் அதன் உள்ளே ஒரு நியாயம் இருந்தது. உதவியை அனுமதித்தால், செல்வமுள்ள கம்பனியின் வீரனுக்குப் பத்துப்பேர் ஓடிவருவர். தனியனாக வந்த ஏழைக்கு ஒருவரும் வரார். அந்த வேற்றுமையை அடைக்கவே வாயில் பூட்டப்பட்டது. பிழை சட்டத்தில் அன்று. சிறுவனின் துருத்தியையும் கம்பனியின் பணத்தையும் ஒரே தராசில் வைத்ததில்தான். அதே டெகிராஞ்ச் கியர் மாற்றும் பொறியையும் நெடுங்காலம் மறுத்துவந்தார். வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சில்லைக் கழற்றித் திருப்பிப் பூட்டி, மறுபக்கப் பற்சில்லைக் கொண்டே ஏறினர். உல்லாசமாக மலையேறும் சாதாரண மக்கள் கியர் பூட்டிய வண்டியிற் செல்ல, உலகின் தலைசிறந்த வீரர்கள் வழியோரத்தில் திருகாணி கழற்றிக்கொண்டிருந்த வேடிக்கை 1937இல்தான் முடிந்தது. கியர் அனுமதிக்கப்பட்ட அவ்வாண்டில் வென்ற றோஜர் லபேபி, பார்வையாளர் தள்ளிவிட்டதற்காக ஒன்றரை நிமிடத் தண்டனை பெற்றார். அது போதாதென்று சினந்த பெல்ஜிய அணி போட்டியை விட்டே வெளியேறியது. பொறி பற்றிய வழக்குத் தீர்ந்தாலும் கை பற்றிய வழக்குத் தீரவில்லை.

உலகச் சைக்கிளோட்டச் சங்கத்தின் தீர்ப்புகளும் எப்போதும் நேராக இருந்தன அல்ல. 1933இல் பிரான்சிஸ் போர் சாய்ந்து படுத்தவாறு ஓட்டும் வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீற்றரைக் கடந்தார். அடுத்த ஆண்டே அவ்வகை வண்டி பந்தயச் சைக்கிள் அன்று எனத் தள்ளப்பட்டது. ஸ்கொத்லாந்துக்காரரான கிறேயம் ஒப்ரி, சலவை இயந்திரத்தின் தாங்குருளையையும் சேர்த்துத் தாமே கட்டிய வண்டியில், கைகளை மார்போடு ஒடுக்கிக் குனிந்து ஓட்டி, 1993 யூலையில் 51.596 கிலோமீற்றர் என்ற மணிச் சாதனை படைத்தார். மறு ஆண்டு பலெர்மோ உலகப் போட்டிக்கு அவர் வந்து சேர்ந்த பின்னரே அந்த இருக்கை நிலை தடைசெய்யப்பட்டு, அவர் நீக்கப்பட்டார். பெரும் பொருள் செலவிட்டுச் செய்த வண்டிகள் ஓடிய அக்காலத்தில், தன் பட்டறையில் வண்டி கட்டியவனே இவ்வாறு வாயிலில் நிறுத்தப்பட்டான். ஆட்டம் தொடங்கவிருக்கும் வேளையில் எழுதப்படும் விதி, அது எத்துணை நல்லதாயினும், நீதியன்று.

மலைச் சைக்கிள் என்ற தனி வகை பிறந்ததோ இச்சங்கங்களின் பார்வைக்கு வெளியே. 1976 ஒக்ரோபரில் கலிபோர்ணியாவின் மரின் பகுதியில் சில இளைஞர் பழைய, பருத்த ரயர் வண்டிகளை மலைமேல் ஏற்றி, சுமார் மூன்றரைக் கிலோமீற்றர் மண்பாதையில் ஒவ்வொருவராக இறங்கி நேரம் கணித்தனர். பின்சில்லின் குடத்துள் அமைந்த பிறேக் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகையாகிவிடும். ஒவ்வோர் இறக்கத்தின் பின்னும் புதிய கிரீஸ் அடைக்க வேண்டும். ‘மறுபடி அடை’ என்று பொருள்படும் ‘றீபாக்’ என்பதே அப்பந்தயத்தின் பெயராயிற்று. ஜோ பிறீஸ் 1977இல் அத்தொழிலுக்கென்றே முதற் சட்டத்தைச் செய்தார். கரி பிஷர், சார்லி கெலி, ரொம் றிச்சி ஆகியோர் அதனை வணிகமாக்கினர். 1990இல் முதலாவது உலகப் போட்டி. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம். வியப்பு யாதெனில், பழைய டெகிராஞ்சின் சட்டம் இவ்விளையாட்டில் மீண்டும் உயிர்பெற்றது. மலைப்போட்டியின் தொடக்க காலத்தில் வீரன் தன்னுடன் சுமந்துவந்த கருவிகொண்டே பழுது நீக்க வேண்டும் என்று விதித்தனர். பின்னர் அது தளர்ந்து, குறித்த இடங்களில் மட்டும் உதவி என்றாயிற்று. துருத்திச் சிறுவனுக்கு ஒருவாறு இடங்கிடைத்துவிட்டது.

மருந்துண்டு ஓடியோரின் கதை தனியே பேசவேண்டிய பெருங்கதை. கருவி வழக்கிலோ 2016 சனவரியில் புதிய அத்தியாயம் தொடங்கியது. பெல்ஜியத்தில் நடந்த சேற்றுப்பாதை உலகப் போட்டியில், இளம் வீராங்கனை ஒருவருக்கென வைத்திருந்த வண்டியின் குழாயினுள் மின்மோட்டர் ஒளிந்திருந்தது. அவருக்கு ஆறாண்டுத் தடையும் 20,000 சுவிஸ் பிராங்க் தண்டமும் விதிக்கப்பட்டன. காந்தப்புலத்தை அளக்கும் கருவியாலும் எக்ஸ் கதிராலும் வண்டிகளைச் சோதிப்பது அதன்பின் வழக்கமாயிற்று. ஹியூமின் ரயரைப் பார்த்து ஊரே நகைக்க முடிந்தது. இந்த மோட்டரை ஒருவரும் பார்க்க முடியவில்லை.

இலங்கையில் சித்திரைப் புத்தாண்டு விழாக்களில் சைக்கிளோட்டம் தவறாது இடம்பெறும். அதனுடன் மெதுவோட்டம் ஒன்றும் உண்டு: கால் நிலத்தில் படாமல் கடைசியாக வந்து சேருபவனே வென்றவன். அதில் விலையுயர்ந்த வண்டிக்குச் சலுகை ஏதுமில்லை. விரைவோட்டத்திலோ நிலைமை வேறு. 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு நேர்ந்தபோது சைக்கிளின் விலை ஏழைக்கு எட்டாத உயரம் சென்றதை நாடறியும். தந்தையின் பழைய வண்டியோடு வரும் லக்கலச் சிறுவனையும், கார்பன் சட்டத்தோடு கொழும்பிலிருந்து வரும் இளைஞனையும் ஒரே கோட்டில் நிறுத்தினால், முடிவு ஓடுமுன்பே எழுதப்பட்டுவிடும். வண்டி வகைக்கேற்பப் பிரிவு வகுத்து, அதனைப் பல வாரங்களுக்கு முன்பே அறிவித்தால் இக்குறை பெரும்பாலும் தீரும். றிவஸ்டனிலிருந்து இறங்கும் பாதையில் போட்டி வைப்போர் முதலிற் பார்க்கவேண்டியது பிறேக்குக் கட்டைகளை. குழாயினுள் மோட்டர் இருக்கின்றதா என்பதை அதன்பின் பார்க்கலாம்.