கொழுப்பு என்னும் சொல்லும் குடிவழி நோயும்

பித்தப்பைக் கற்களில் காணப்பட்ட ஒரு பொருளுக்குப் பிரெஞ்சு வேதியியலர் ஷெவ்ரல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இட்ட பெயரிலிருந்து வந்ததே கொலஸ்ட்ரால் என்னும் சொல். பித்தத்தையும் திண்மையையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. உணவைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. தமிழில் அது ‘கொழுப்பு’ என வழங்கத் தொடங்கியபோது நெய்யும் இறைச்சியும் உடன் வந்து சேர்ந்தன. செருக்கு என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. எனவே ஒருவரது இரத்தத்தில் கொழுப்பு மிகுந்துள்ளது என்றவுடன், அது அவர் தின்று தேடிக்கொண்டது என்ற தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. மெலிந்த உடலினரையும் பத்து வயதுச் சிறுவரையும் இச்சொல் சோதனைக்கு அனுப்புவதில்லை.

இந்தச் சாய்வு தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1913இல் ரஷ்யாவில் நிக்கலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை உணவாக ஊட்டி, அவற்றின் தமனிகளில் படிவுகள் தோன்றுவதைக் காட்டினார். அந்தச் சோதனை தவறன்று. ஆனால் அதன் புகழ் நெடுங்காலம் மருத்துவத்தின் பார்வையை உணவுத்தட்டின் மீதே நிறுத்தியது.

ஆஸ்லோ நகர மருத்துவர் கார்ல் முல்லர் வேறொன்றைக் கவனித்தார். குதிகால் நாணிலும் விரல் கணுக்களிலும் மஞ்சள் நிறக் கட்டிகள் கொண்டோர் நெஞ்சுவலியுடன் வந்தனர். அவர்தம் உடன்பிறந்தாரும் அவ்வாறே வந்தனர். பதினேழு குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்த அவர், கட்டியும் உயர்ந்த கொலஸ்ட்ராலும் இதயநோயும் ஒரே மரபுவழிக் கோளாறின் வெளிப்பாடுகள் என 1930களின் இறுதியில் எழுதினார். பெற்றோரில் ஒருவருக்கு இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

1964இல் பெய்ரூட்டிலிருந்து அவெடிஸ் கச்சதூரியன் வெளியிட்ட ஆய்வு இதனினும் நுட்பமானது. உறவுமுறைத் திருமணங்கள் மிகுந்த லெபனானில், பழுதுற்ற மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளைகளை அவர் கண்டார். இத்தகையோருக்குக் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் டெசிலிட்டருக்கு 600 மில்லிகிராமைத் தாண்டும்; சிறுவயதிலேயே கட்டிகள் தோன்றும்; இருபது வயதுக்கு முன்பே மாரடைப்பு நேரக்கூடும். பெற்றோரோ நலமாகவே தோன்றுவர். அவர்தம் இரத்தத்தில் அளவு ஏறத்தாழ இருமடங்காக இருக்கும். பிள்ளையின் நோயே பெற்றோரையும் நோயாளிகள் என அறிவித்தது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள தென்னிந்தியாவில் இவ்வாய்வு இன்னும் பரவலாக அறியப்பட வேண்டும்.

காரணம் டல்லஸ் நகரில் புலப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் நோயாளிகளின் தோல் செல்களை வளர்த்து, இரத்தத்திலுள்ள எல்.டி.எல். துகள்களைப் பற்றி உள்ளிழுக்கும் ஏற்பிகள் அச்செல்களில் குறைந்திருப்பதை அல்லது இல்லாதிருப்பதைக் காட்டினர். 1985இல் நோபல் பரிசு பெற்றனர். இதே காலத்தில், 1973இல், ஜப்பானின் கோபே நகரில் யோஷியோ வத்தனபே ஒரு முயலைக் கண்டெடுத்தார். அனிச்கோவின் முயல்கள் கொலஸ்ட்ராலைத் தின்றன. வத்தனபேயின் முயல் சாதாரணத் தீவனமே தின்றது, இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுந்திருந்தது. அதன் வழித்தோன்றல்களிலும் ஏற்பியே பழுதுற்றிருந்தது.

அக்காலம்வரை நோயைக் கண்டறிவது விதியை முன்னறிவதாகவே இருந்தது. அகிரா எண்டோ ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்த பொருள் ஸ்டாட்டின் மருந்துகளுக்கு வழிகாட்டியது. 1987இல் அமெரிக்காவில் முதல் ஸ்டாட்டின் ஒப்புதல் பெற்றது. அதன் பின்னரே தேடுதலுக்குப் பொருள் பிறந்தது. நெதர்லாந்து 1994இல் ஒரு நோயாளியிடமிருந்து அவரது சுற்றத்தாரைத் தேடிச் சென்று சோதிக்கத் தொடங்கியது. ஸ்லோவீனியா 1995 முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் கொலஸ்ட்ராலை அளக்கலாயிற்று. ஒற்றை மரபணு பெற்ற குழந்தையின் தோலில் பொதுவாக ஒரு தடயமும் இராது என்பதால், இரத்தமன்றி வேறு சான்றில்லை.

ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இக்கோளாறு உண்டு. குஜராத்தியர் வழியில் கண்டறியப்பட்ட ஒரு மரபணு மாற்றம் மருத்துவ இலக்கியத்தில் குஜராத்தின் பெயராலேயே வழங்குகிறது. ஆகவே இதை அயலார் நோய் என ஒதுக்க இயலாது. சிகிச்சையின்றி விடப்பட்ட ஆண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஐம்பது வயதுக்குள் இதயநோய்க்கு ஆளாகின்றனர். நாற்பதில் மாரடைப்பு கண்டு வீடு திரும்பும் ஒருவருக்காகச் சமையலில் எண்ணெய் குறைக்கப்படுகிறது. அவருடைய பிள்ளைகளின் இரத்தத்தை எவரும் சோதிப்பதில்லை.